எண் மட்டும் உள்ளிடவும்

'புரிந்துகொள்வர்' என்று எழுதக் கூடாதாம்.
அளக்க முடியாத வினைச்சொல்.
மூன்றாம் பக்கத்தில் அதைச் சுற்றி வட்டம் போட்டுத்
திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
பட்டியலிடுவர், ஒப்பிடுவர், மதிப்பிடுவர்:
இவை செல்லும்.

சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும்,
இளங்கலை, மூன்றாண்டு, நூற்றிருபது கிரெடிட்.
ஏழாம் மாடிக் கூட்ட அறையில்
குளிரூட்டி பதினெட்டில் நிற்கிறது.
ரிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.
ஆறு பேர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
பூமி சூடாவதற்கு
எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம் என்று பேசுகிறோம்.

டீன் ஊய் கேட்கிறார்:
"வேலை?"
ஒரே சொல். அவர்மேல் தப்பில்லை.
போன மாதம் சேர்க்கை நாளில்
சுங்கை பட்டாணியிலிருந்து வந்த அம்மாவும்
அதையேதான் கேட்டார், கொஞ்சம் நீளமாக:
"குப்பையப் பத்திப் படிக்கவா டீச்சர்
இவள நாலு வருசம் சயின்ஸ் டியூசனுக்கு அனுப்புனேன்?"
மகள் தர்ஷாயினி தலை நிமிராமல்
கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
"சேத்துல எறங்குவோமா?" என்றாள் திடீரென்று.
இறங்குவோம் என்றேன்.
அன்றைக்கு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அந்தப் பொய்க்கு வட்டி கட்டத்தான்
இரண்டாம் ஆண்டில் ஒரு பாடம்.
கண்டல் காட்டுக் களப்பணி, நான்கு கிரெடிட்,
இடம் பாலேக் பூலாவ்.
கால அட்டவணை மென்பொருள் கேட்டது: கிழமை?
செவ்வாய்.
மணி?
அங்கே விரல் நின்றுவிட்டது.

கடல், செவ்வாய் இரண்டு மணி என்று சொல்லி வற்றுவதில்லை.
இன்று இரண்டென்றால் நாளை இரண்டு ஐம்பது.
அடுத்த செவ்வாய் அதே இரண்டு மணிக்கு
சேறு இருந்த இடத்தில்
கழுத்துவரை தண்ணீர்.

'நிலவைப் பொறுத்து' என்று தட்டினேன்.
பிழை.
'வற்றும்போது.'
பிழை. எண் மட்டும் உள்ளிடவும்.

நிதிப் பிரிவு காப்புறுதி கேட்டது.
ட்ரோனில் படம் பிடித்து
அறையிலேயே காட்டலாமே என்றார் சகா சிற்றரசு,
நல்ல மனதோடுதான்.
நான்கு கிரெடிட் மூன்றானது.
தொழில்முனைவுப் பாடத்துக்கு இடம் வேண்டும் என்றார்கள்,
இரண்டானது.
கடல்மட்டம் ஏறுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தவள்
என் பாடம் வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலே முக்காலுக்குப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து
நோர்சியாஹ் கூப்பிட்டார்.
"உங்க பாரம் சிஸ்டத்துல சிக்கி நிக்குது, டாக்டர்.
அது நம்பரத் தவிர எதையும் சாப்பிடாது."
மலாயில் சொன்னார், சிரித்தபடி.
பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"முதல் வாரம் காலை ஏழு நாப்பது," என்றார்.
"ரெண்டாவது, மத்தியானம் ஒண்ணரை.
மூணாவது, காலை ஆறு அம்பத்தஞ்சு."
எனக்குப் பிடிபடவில்லை.
"என் தம்பி கெராங் பொறுக்கப் போவான்.
கடல் வத்துற நேரம் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு,
என் போன்லயும் படம் இருக்கு.
ஒரே வகுப்பாப் போடாதீங்க,
பதினாலு வகுப்பாப் போடுங்க. எல்லாமே நம்பர்தானே."

அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன்.
பதினான்கு வரி. திரை ஒன்றையும் மறுக்கவில்லை.
நிலா ஒரு பல்கலைக்கழக மென்பொருளுக்குள்
காலை ஏழு நாற்பதாக,
மத்தியானம் ஒன்றரையாக
வேடம் போட்டு நுழைந்தது.

திங்களன்று மறுபடி குழு கூடும்.
இரண்டு கிரெடிட்டை நான்கு என்று திருத்தியிருக்கிறேன்,
யார் கவனிக்கிறார்கள் பார்ப்போம்.
'வேலைவாய்ப்பு' கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.
அதில் பொய் எழுத இரண்டாவது முறை
மனம் வரவில்லை.

பாட முடிவில் மாணவர் என்ற தலைப்பின் கீழ் மட்டும்
சட்டப்படி எழுதிவிட்டேன்:
கால் எவ்வளவு புதையும் என மதிப்பிடுவர்.
போன வாரச் சேற்றை இந்த வாரச் சேற்றோடு ஒப்பிடுவர்.
தொலைத்த செருப்புகளைப்
பட்டியலிடுவர்.